காக்கை உட்கார்ந்ததாலா பனம்பழம் விழுந்தது? சூப்பர் பவுல் விளம்பரங்களின் கதை



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அவசர வேலை இருப்பவர்கள் முடித்துவிட்டு வாருங்கள். பதிவு எங்கும் ஓடிவிடாது.

விளம்பரத் துறையில் வேலை செய்யும் பழைய மாணவர் ஒருவர் சென்ற வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "சார், கோடிக்கணக்கில் செலவு செய்து ஒரு டிவி விளம்பரம் எடுக்கிறோம். அது பலன் தந்ததா இல்லையா என்று எப்படி முடிவு செய்வது? எங்கள் ஆபீசில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்."

நான் விளம்பரக் கலை படித்தவன் இல்லை. 34 வருஷம் வரலாறு நடத்தியவன். ஆனால் யோசித்துப் பார்த்தபோது, இது சாட்சாத் வரலாற்றுக் கேள்விதான் என்று தோன்றியது. "காரணங்களையும் விளைவுகளையும் விவரி" என்று உங்களிடம் எத்தனை 10 மதிப்பெண் கேள்வி கேட்டிருப்பேன்! விளம்பரம் காரணம், விற்பனை விளைவு என்று எழுதிவிடுவது சுலபம். முன்னதால்தான் பின்னது நடந்தது என்று காட்டுவதுதான் கஷ்டம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக எழுதியவர்களுக்கு நான் மதிப்பெண் குறைத்தது நினைவிருக்கும்.

ஆகவே ஒரு வரலாற்று வாத்தியார் விளம்பரங்களின் விடைத்தாளைத் திருத்தினால் எப்படித் திருத்துவார் என்று எழுதிப் பார்க்கிறேன். திருத்துவதற்கு உலகத்திலேயே விலை அதிகமான விளம்பர மேடையை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் சூப்பர் பவுல்.

மேடை

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அறிமுகம் வேண்டாம். மற்றவர்களுக்காக: அமெரிக்கக் கால்பந்து லீக்கின் இறுதிப் போட்டிதான் சூப்பர் பவுல். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், அதற்குப் பெயர் கால்பந்து. அதை விடுங்கள்.

முதல் போட்டி 1967 ஜனவரி 15 அன்று லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது. சிபிஎஸ், என்பிசி என்ற இரண்டு டிவி நிறுவனங்களும் ஒரே ஆட்டத்தை ஒளிபரப்பின. அன்று 30 வினாடி விளம்பர நேரத்தின் விலை சுமார் 40,000 டாலர். 2024ல் அதே 30 வினாடிக்குச் சுமார் 70 லட்சம் டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 58 கோடி ரூபாய். கண் சிமிட்டும் ஒரு வினாடிக்கு 2 கோடிக்கு அருகில் வருகிறது. இந்தக் காலத்தில் அமெரிக்காவில் பொதுவான விலைவாசி 9 மடங்குக்குச் சற்று மேல் ஏறியிருக்கிறது. இந்த நேரத்தின் விலை மட்டும் 175 மடங்கு ஏறியிருக்கிறது.

இது நேரத்துக்கான வாடகை மட்டும்தான். விளம்பரத்தை எடுக்கும் செலவும், அதில் நடிக்கும் பிரபலத்தின் சம்பளமும் தனி.

இவ்வளவு கொடுப்பதற்குக் காரணம் உண்டு. 2024ல் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் 12 கோடிக்கும் மேல். அதைவிட முக்கியமானது, விளம்பரம் வந்ததும் எழுந்து போகாமல் அதற்காகவே உட்கார்ந்து பார்க்கும் கூட்டம் இது. மறுநாள் ஆபீசில் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவது போலவே விளம்பரத்தைப் பற்றியும் பேசுவார்கள். நம் ஊரில் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அருகில் வரும்.

இனி விடைத்தாள்களைப் பார்ப்போம்.

முதல் தாள்: குண்டு துளைத்த பூட்டு

1974ல் மாஸ்டர் லாக் என்ற பூட்டுக் கம்பெனி சூப்பர் பவுலில் ஒரு விளம்பரம் போட்டது. குறி தவறாத ஒருவர் துப்பாக்கியால் பூட்டைச் சுடுகிறார். குண்டு பூட்டைத் துளைத்துக்கொண்டு போகிறது. பூட்டு கிழிந்து தொங்குகிறது, ஆனால் திறக்கவில்லை. அவ்வளவுதான் விளம்பரம்.

பூட்டு விற்பது என்ன பெரிய வியாபாரம்? பெப்சி, கோக் மாதிரி பணம் கொட்டக்கூடிய கம்பெனியும் இல்லை. அதனால் பிறகு பல ஆண்டுகள், வருஷத்துக்கான விளம்பரப் பணத்தின் பெரும்பகுதியை இந்த ஒரு நாளிலேயே போட்டுவிடுவது அவர்கள் வழக்கமானது. குண்டடி பட்ட பூட்டு அமெரிக்க நினைவில் அப்படியே தங்கிவிட்டது.

இந்தத் தாளில் நான் டிக் போடும் இடம் ஒன்று. பார்த்தவர் மறுநாள் இன்னொருவரிடம் இந்த விளம்பரத்தைச் சொன்னால், பூட்டைச் சொல்லாமல் சொல்ல முடியாது. கதையே பூட்டுதான். "ஏதோ ஒரு விளம்பரம், ரொம்ப நன்றாக இருந்தது, எந்தக் கம்பெனி என்று ஞாபகம் இல்லை" என்று சொல்வோமே, அதற்கு இங்கே இடமே இல்லை.

இரண்டாம் தாள்: ஒரு பாட்டில் கோக்

'மீன்' ஜோ கிரீன் என்று ஒரு ஆட்டக்காரர் இருந்தார். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி. (மீன் என்றால் நம் ஊர் மீன் இல்லை, முரடர் என்று பொருள்படும் பட்டப்பெயர்.) எதிரணியை நடுங்க வைத்தவர். அவரை வைத்து கோகோ கோலா ஒரு விளம்பரம் எடுத்தது. 1979 அக்டோபரில் முதலில் வந்தது. 1980 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுலில் மறுபடி காட்டியபோதுதான் நாடு முழுவதும் கொண்டாடியது.

அடிபட்டு நொண்டிக்கொண்டு உடைமாற்றும் அறைக்குப் போகிறார் கிரீன். ஒரு சிறுவன் பின்னால் வந்து தன் கையில் இருக்கும் கோக்கை நீட்டுகிறான். வேண்டாம் என்கிறார். பையன் விடவில்லை. வாங்கி, ஒரே மூச்சில் முழு பாட்டிலையும் குடித்து முடிக்கிறார். பையன் முகம் வாடித் திரும்பி நடக்கிறான். அப்போது அவனைக் கூப்பிட்டு, தோளில் கிடந்த தன் ஜெர்சியை வீசுகிறார். சிரிக்கிறார்.

படப்பிடிப்பில் திரும்பத் திரும்ப எடுத்ததில் 18 பாட்டில் குடிக்க வேண்டியிருந்தது என்று கிரீன் பிறகு சொன்னதுண்டு. 1981ல் இந்தக் கதையை வைத்து ஒரு டிவி படமே எடுத்தார்கள்.

இங்கேயும் அதே சோதனையைச் செய்யுங்கள். பாட்டிலை எடுத்துவிட்டுக் கதையைச் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாது. முரடரின் மனம் திரும்புவதே அந்த பாட்டிலில்தான். பூட்டு விளம்பரம் பொருளின் வலிமையைக் காட்டியது. இது பொருளின் மீது ஒரு பாசத்தை ஒட்ட வைத்தது. ஆனால் இரண்டிலும் பொருள் கதையின் அச்சாணி.

சரி, விளைவு என்ன? இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். உலகமே கொண்டாடிய இந்த விளம்பரத்துக்குப் பிறகு கோக் பெப்சியை அடித்து நொறுக்கியதா? இல்லை. போட்டியாளரைவிட இருந்த முன்னிலை ஏறத்தாழ 15 ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகக் குறைந்துகொண்டே வந்தது. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்களில் பெப்சி முந்தியே விட்டது. பயந்துபோன கம்பெனி 1985 ஏப்ரல் 23 அன்று கோக்கின் ருசியையே மாற்றி 'நியூ கோக்' கொண்டு வந்தது. சுமார் 2 லட்சம் பேருக்குக் குடிக்கக் கொடுத்துச் சோதித்து, புதிய ருசிதான் பிடிக்கிறது என்று உறுதி செய்துகொண்டுதான் கொண்டு வந்தார்கள்.

நடந்தது என்ன தெரியுமா? ஜனங்கள் கொதித்துவிட்டார்கள். வழக்கமாக ஒரு நாளைக்கு 400 போன் வரும் கம்பெனிக்கு 1,500 வந்தது. 79 நாளில், ஜூலை 11 அன்று, பழைய கோக்கைத் திரும்பக் கொண்டு வருவதாக அறிவித்தார்கள்.

பிடித்த ருசியைக் கொடுத்தும் ஏன் கோபம்? அவர்கள் குடித்துக்கொண்டிருந்தது வெறும் ருசியை இல்லை. ஒரு நூற்றாண்டுப் பழக்கம், ஊர்த் திருவிழா, சினிமா இடைவேளை, அந்தச் சிறுவனின் பாட்டில் எல்லாம் சேர்ந்த ஒன்றை. இந்தக் கோபத்தை ஒரே ஒரு விளம்பரம் உண்டாக்கியது என்று எழுதினால் நானே அடித்துவிடுவேன். ஆனால் 1980ன் விற்பனைக் கணக்கில் தேடினால் கிடைக்காத ஏதோ ஒன்று 1985ன் கோபத்தில் கிடைக்கிறது. விளைவை எந்த வருஷத்தில் தேடுகிறோம் என்பதும் ஒரு கேள்வி. உப்புச் சத்தியாகிரகத்தின் விளைவை 1930ன் உப்பு வரியில் மட்டும் தேடாதீர்கள் என்று வகுப்பில் சொல்வேனே, அது மாதிரி.

மூன்றாம் தாள்: அண்ணன் எடுத்தது, தம்பி எடுத்தது

விளம்பர வரலாற்றில் மிகவும் புகழப்பட்டது 1984 ஜனவரி 22 சூப்பர் பவுலின் மூன்றாவது கால் பகுதியில் வந்த ஆப்பிள் விளம்பரம். 60 வினாடி. எடுத்தவர் ஹாலிவுட் இயக்குநர் ரிட்லி ஸ்காட். விளம்பர நிறுவனம் சையட்/டே. ஜார்ஜ் ஆர்வெல்லின் நாவலில் வரும் சர்வாதிகார உலகம் மாதிரி ஒரு சாம்பல் நிற உலகம். மொட்டைத் தலை ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து பெரிய திரையில் ஒரு முகம் பேசுவதைக் கேட்கிறார்கள். ஒரு பெண் ஓடி வந்து சுத்தியலை வீசித் திரையை உடைக்கிறாள். 1984 ஏன் '1984' மாதிரி இருக்காது என்பதை ஜனவரி 24 அன்று பார்ப்பீர்கள் என்ற பொருளில் ஒரு வாசகம். கம்ப்யூட்டரையே காட்டவில்லை. அந்தப் பெண்ணின் சட்டையில் ஒரு கோட்டுப்படம் மட்டும்.

ஆப்பிளின் இயக்குநர் குழுவுக்கு இது பிடிக்கவே இல்லை. வாங்கிய நேரத்தை விற்றுவிடச் சொன்னார்கள். விளம்பர நிறுவனம் 30 வினாடியை விற்றது. 60 வினாடியை விற்காமல் வைத்துக்கொண்டது. அதனால்தான் அந்த விளம்பரம் வெளியே வந்தது. வந்த அன்று இரவே செய்திகளில் அதை இலவசமாக மறுபடி காட்டினார்கள்.

2,495 டாலர் விலையுள்ள மேக்கின்டாஷ் முதல் 100 நாளில் சுமார் 70,000 விற்றது. "ஆஹா, விளம்பரத்தின் வெற்றி" என்று பாதிப் புத்தகங்கள் இங்கே கதையை முடித்துவிடும். நாம் அடுத்த பக்கத்தையும் புரட்டுவோம். அந்த வருஷக் கடைசிக்குள் விற்பனை விழுந்துவிட்டது. நினைவகம் வெறும் 128 கிலோபைட். அதில் ஓடக்கூடிய மென்பொருள் கொஞ்சம்தான். விளம்பரம் கடை வரை கூட்டிக்கொண்டு வந்தது. வாங்கியவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் என்ன சொன்னார் என்பது விளம்பரத்தின் கையில் இல்லை.

இப்போது அடுத்த வருஷம். 1985 ஜனவரி 20. அதே கம்பெனி, அதே விளம்பர நிறுவனம், அதே சூப்பர் பவுல். இயக்குநர் மட்டும் ரிட்லி ஸ்காட்டின் தம்பி டோனி ஸ்காட். கண்ணைக் கட்டிக்கொண்ட கோட்டு சூட்டு ஆட்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி, சீட்டியடித்துக்கொண்டு மலை முகட்டை நோக்கி நடக்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பள்ளத்தில் விழுகிறார்கள். கடைசி ஆள் கண்கட்டை அவிழ்த்துப் பார்க்கிறான். ஆபீஸ்களுக்கான 'மேக்கின்டாஷ் ஆபீஸ்' என்ற ஏற்பாட்டுக்கான விளம்பரம் இது.

படுதோல்வி. வரலாற்று மாணவனுக்கு இப்படி ஒரு ஒப்பீடு லேசில் கிடைக்காது. கம்பெனி, நிறுவனம், மேடை, ஏறக்குறைய பாணி, ஏன், குடும்பம் கூட ஒன்று. பிறகு வேறுபட்டது என்ன?

முதலாவது, பார்ப்பவரை எங்கே நிறுத்தியது என்பது. 1984 விளம்பரத்தைப் பார்த்தவர் தன்னைச் சுத்தியல் வீசும் பெண்ணாக நினைத்துக்கொள்ளலாம். 1985 விளம்பரத்தைப் பார்த்த ஆபீஸ் மேலாளருக்கு, விழுகிற முட்டாள்களில் தானும் ஒருவன் என்று பட்டது. அவர்தான் செக்கில் கையெழுத்துப் போட வேண்டியவர். வாங்க வருகிறவரையே திட்டி எந்தக் கடைக்காரர் பிழைத்தார்?

இரண்டாவது, விளம்பரம் சொன்ன ஏற்பாட்டின் முக்கியமான பாகமான கோப்புச் சேவையகக் கருவி அப்போது தயாராகவே இல்லை. காட்டியதை வாங்கப் போனால் கடையில் முழுதாகக் கிடையாது.

1985 ஜூனில் ஆப்பிள் 1,200 பேரை வேலையிலிருந்து நீக்கியது. செப்டம்பரில் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியேறினார். இதற்கு அந்த விளம்பரம்தான் காரணம் என்று எழுதினாலும் அடித்துவிடுவேன். ஆனால் புகழ்பெற்ற விளம்பரம் கம்பெனியைக் காப்பாற்றிவிடும் என்று நினைப்பவர்கள் இந்தத் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்க்கலாம்.

கைதட்டலை அளப்பது எப்படி, விளைவை அளப்பது எப்படி

1989ல் 'யுஎஸ்ஏ டுடே' பத்திரிகை 'ஆட் மீட்டர்' என்று ஒன்றைத் தொடங்கியது. பார்வையாளர்களை உட்கார வைத்து, விளம்பரம் ஓடும்போதே எவ்வளவு பிடிக்கிறது என்று கருவியில் திருகச் சொல்லி மதிப்பெண் கூட்டுவது. மறுநாள் காலை பத்திரிகையில் ரேங்க் பட்டியல். அன்று முதல் விளம்பரக்காரர்களுக்கு இது ஒரு பரீட்சையாகிவிட்டது. நாய்க்குட்டி, குதிரை, நகைச்சுவை, பிரபலங்கள் என்று, பட்டியலில் மேலே வருவதற்காகவே விளம்பரம் எடுக்க ஆரம்பித்தார்கள். மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்கிற பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள் அல்லவா?

பிடிப்பது வேறு, வாங்குவது வேறு. வாங்கியது விளம்பரத்தாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சூப்பர் பவுல் சமயத்தில் பீர் எப்படியும் அதிகம் விற்கும். விளம்பரம் போட்டாலும் விற்கும், போடாவிட்டாலும் விற்கும். காக்கையும் பனம்பழமும்!

இதற்குப் பொருளாதார அறிஞர்கள் கண்டுபிடித்த வழி என்னை எழுந்து நின்று கைதட்ட வைத்தது. எளிமையாகச் சொல்கிறேன்.

விளம்பர நேரத்தைக் கம்பெனிகள் பல மாதங்களுக்கு முன்பே வாங்கிவிடும். எந்த இரண்டு ஊர் அணிகள் இறுதிக்கு வரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. இறுதிக்கு வந்த அணிகளின் சொந்த ஊர்களில் மட்டும் ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் மற்ற ஊர்களைவிட அதிகமாக இருப்பார்கள். ஆக, சில ஊர்களில் விளம்பரம் அதிகம் பேர் கண்ணில் படுகிறது. அது யாரும் திட்டமிட்டு நடந்ததில்லை, சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி. பிறகு அந்த ஊர்களில் மட்டும் விற்பனை கூடுதலாக ஏறியதா என்று பார்த்தால் போதும். காக்கை உட்கார்ந்த மரத்தையும் உட்காராத மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இது.

சேத் ஸ்டீவன்ஸ்-டேவிடோவிட்ஸ், ஹால் வேரியன், மைக்கேல் ஸ்மித் மூவரும் சினிமா விளம்பரங்களை இப்படி ஆராய்ந்தார்கள். சுமார் 30 லட்சம் டாலர் விளம்பரத்துக்கு, படம் வெளியான முதல் வார இறுதியில் மட்டும் சராசரியாகச் சுமார் 84 லட்சம் டாலர் கூடுதல் டிக்கெட் விற்றது என்று கண்டார்கள். இந்த மரத்தில் காக்கை உண்மையிலேயே பழத்தைத் தள்ளியிருக்கிறது.

வெஸ்லி ஹார்ட்மன், டேனியல் கிளாப்பர் இருவரும் பீரையும் குளிர்பானத்தையும் எடுத்துக்கொண்டார்கள். அங்கேயும் விளம்பரம் விற்பனையை உயர்த்த முடியும் என்று தெரிந்தது. அடுத்து வரும் மற்ற விளையாட்டுப் போட்டிகளின் வாரங்களில்தான் அந்தப் பலன் அதிகமாகத் தெரிந்தது. ஆட்டம் என்றால் இந்தப் பானம் என்று மனதில் முடிச்சுப் போடுகிறது என்று தோன்றுகிறது. ஆனால் ஒரு விஷயம்: ஒரே வகைப் பொருளில் இரண்டு பெரிய கம்பெனிகளும் விளம்பரம் போட்டால், இருவருடைய லாபத்தின் பெரும்பகுதியும் கரைந்துவிடுகிறது. நீ போடுகிறாய் என்று நான் போடுகிறேன், நான் போடுகிறேன் என்று நீ போடுகிறாய். இறுதியில் சிரிப்பது டிவி கம்பெனி. முதல் உலகப் போருக்கு முன் இங்கிலாந்தும் ஜெர்மனியும் போட்டி போட்டுக் கப்பல் கட்டிய பாடம் நடத்தினேனே, அதே கதை.

நான்காம் தாள்: காலுறைப் பொம்மை

2000 ஜனவரி 30 சூப்பர் பவுலில் இணையக் கம்பெனிகள் ஒரு டஜனுக்கு மேல் விளம்பரம் போட்டன. பெட்ஸ்.காம் என்ற கம்பெனி நாய், பூனைகளுக்கான தீவனத்தை இணையத்தில் விற்றது. அதன் விளம்பரத்தில் காலுறையில் செய்த நாய் பொம்மை ஒன்று மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடும், பேசும். ஜனங்களுக்கு அதன் மேல் கொள்ளைப் பிரியம். நியூயார்க்கின் புகழ்பெற்ற மேசீஸ் ஊர்வலத்தில் அதற்கு ராட்சத பலூன் பறந்தது. கடைகளில் அந்தப் பொம்மை விற்றது.

அதே 2000 நவம்பரில் கம்பெனி மூடப்பட்டது.

விளம்பரத்தைக் குறை சொல்ல முடியுமா? பெயர் நினைவில் நின்றது, ஜனங்களுக்குப் பிடித்தது, வாங்கவும் வந்தார்கள். ஆனால் மூட்டை மூட்டையாகக் கனக்கும் தீவனத்தை அடக்க விலைக்கும் குறைவாக விற்று, வீடு வரை அனுப்பும் செலவையும் ஏற்றுக்கொண்டால்? ஒவ்வொரு விற்பனையிலும் நஷ்டம். விளம்பரம் எவ்வளவு பலிக்கிறதோ அவ்வளவு வேகமாகக் கடை மூழ்கும். ஓட்டைப் பானைக்குப் பெரிய குழாய் வைத்த கதை.

அதே நாளில் ஈ-டிரேட் என்ற பங்கு வணிகக் கம்பெனி, ஒரு சிம்பன்சி குரங்கை ஆட விட்டு, இப்போது 20 லட்சம் டாலரை வீணடித்தோம் என்று தன்னையே கேலி செய்துகொண்டது. அடுத்த வருஷம் அதே குரங்கு, இடிந்து கிடக்கும் இணையக் கம்பெனிகளின் பாழூர் வழியே குதிரையில் போவதாக எடுத்தார்கள். வரலாற்றைச் சரியான நேரத்தில் எழுதிய விளம்பரம் என்று அதைச் சொல்லலாம்.

ஐந்தாம் தாள்: வரலாற்றைத் திருடிய விளம்பரம்

இந்தப் பதிவை நான் எழுத உட்கார்ந்ததே இந்தத் தாளுக்காகத்தான்.

2022 பிப்ரவரி 13. சூப்பர் பவுலில் கிரிப்டோ கம்பெனிகள் வரிசை கட்டின. காயின்பேஸ் 60 வினாடிக்கு ஒரு கியூஆர் கோடை மட்டும் திரையில் அங்குமிங்கும் மிதக்க விட்டது. ஒரே நிமிஷத்தில் 2 கோடிக்கு மேல் வருகைகள். செயலி சிறிது நேரம் முடங்கிப்போனது.

எஃப்டிஎக்ஸ் கம்பெனி நகைச்சுவை நடிகர் லாரி டேவிட்டை வைத்து எடுத்தது. ஆதி காலத்தில் ஒருவர் சக்கரத்தைக் காட்டுகிறார். லாரி, இது உதவாது என்கிறார். பிறகு முள்கரண்டி, கழிப்பறை, மின்விளக்கு என்று ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு புதுமையையும் கேலி செய்து நிராகரிக்கிறார். இறுதியில் நம் காலம். எஃப்டிஎக்ஸைக் காட்டுகிறார்கள். வேண்டாம் என்கிறார். லாரி மாதிரி இருக்காதீர்கள் என்று விளம்பரம் முடிகிறது.

இதுவரை நான் சொன்ன சோதனைகளில் இதைப் போடுங்கள். நகைச்சுவை அருமை. கடைசி வரை பார்க்க வைக்கிறது. பொருள் கதையின் உச்சத்தில் நிற்கிறது. பார்ப்பவரை, புத்திசாலிப் பக்கம் வா என்று கூப்பிடுகிறது. முதல் மதிப்பெண்.

2022 நவம்பர் 11 அன்று எஃப்டிஎக்ஸ் திவால் மனுக் கொடுத்தது. வாடிக்கையாளர் பணத்தில் சுமார் 800 கோடி டாலர் காணவில்லை. நிறுவனர் சாம் பேங்க்மன்-ஃபிரைடுக்கு 2024 மார்ச்சில் 25 ஆண்டு சிறைத் தண்டனை. விளம்பரத்தில் எல்லோரும் சிரித்த லாரிதான் அன்று சரியாகச் சொன்ன ஒரே ஆள்!

ஒரு வரலாற்று வாத்தியாராக எனக்கு இதில் தனிக் கோபம். ஜெயித்த புதுமைகளை மட்டும் வரிசையாக நிறுத்தி, இவற்றையெல்லாம் சந்தேகித்தவன் முட்டாள், ஆகவே இதையும் சந்தேகிக்காதே என்பது அந்த விளம்பரத்தின் வாதம். தோற்றுப்போன ஆயிரம் 'புதுமை'களை யார் காட்டுவார்கள்? அவற்றைச் சந்தேகித்துத் தன் பணத்தைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் எந்தப் படத்தில் வருகிறார்கள்? பாதி வரலாறு பொய்யைவிட ஆபத்து என்று வகுப்பில் நான் தொண்டை வறளச் சொன்னது இதைத்தான்.

இது அமெரிக்காவோடு நிற்கவும் இல்லை. 2021ல் நம் கிரிக்கெட் இடைவேளைகளில் கிரிப்டோ விளம்பரங்கள் மழை மாதிரிப் பெய்தன. நம் மாணவர்களிலும் உறவுகளிலும் சிலர் அதைப் பார்த்துப் பணம் போட்டீர்கள். யார் யார் என்று இங்கே எழுத மாட்டேன். ஒரு பிள்ளை, தங்கை கல்யாணத்துக்குச் சேர்த்ததில் பாதியைப் போட்டுவிட்டு, இரவு 11 மணிக்கு எனக்குப் போன் செய்தான். "சார், எல்லோரும் டிவியில் சொன்னார்கள் சார்" என்றான். அதற்கு என்னிடம் அன்று பதில் இல்லை. கிரிப்டோ விளம்பரங்களில் இது அதிக ஆபத்துள்ளது என்ற எச்சரிக்கை கட்டாயம் வர வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் விதித்தது 2022 ஏப்ரல் 1 முதல்தான்.

திருத்தும் முறை

மாணவரின் கேள்விக்கு வருகிறேன். பெரிய பணத்தில் எடுத்த விளம்பரத்தை நான் 4 கேள்வி கேட்டுத் திருத்துவேன்.

1. பொருளை எடுத்துவிட்டுக் கதையைச் சொல்ல முடிகிறதா? முடிந்தால் கைதட்டல் உனக்கு, ஞாபகம் வேறு யாருக்கோ. பூட்டும் கோக் பாட்டிலும் இதில் தேறின.

2. வாங்க வேண்டியவரை எந்த இடத்தில் நிறுத்துகிறது? சுத்தியல் வீசுபவராகவா, பள்ளத்தில் விழுபவராகவா?

3. விளம்பரம் போடாத இடத்தோடு ஒப்பிட்டாயா? விற்பனை ஏறியது என்று மட்டும் சொல்லாதே. காக்கை உட்காராத மரத்தையும் காட்டு. உடனே தெரியாவிட்டால் சில வருஷம் கழித்தும் பார்.

4. விளம்பரம் கூட்டி வந்த ஆள் கடைக்குள் நுழைந்த பிறகு அவருக்கு என்ன ஆயிற்று?

முதல் 3 கேள்விகளை உங்கள் ஆபீசில் எப்படியும் கேட்பார்கள். ஆளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம், ஆளுக்கு ஒரு கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவதுதான். எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள், பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

நான்காவதை யாரும் கேட்கமாட்டார்கள். அது விளம்பரக்காரர் வேலை இல்லை, சரக்குக்காரர் வேலை என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் என் திருத்தலில் அதுதான் கட்டாய வினா. பெட்ஸ்.காமில் கம்பெனி மூழ்கியது. எஃப்டிஎக்ஸில் கம்பெனியை நம்பி வந்தவர்களும் சேர்ந்து மூழ்கினார்கள். திவால் நடவடிக்கையில் பிறகு அவர்களுக்குப் பணம் திரும்பும் ஏற்பாடு நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும்; ஆனால் காத்திருந்த மாதங்களையும், போன தூக்கத்தையும் எந்த நீதிமன்றமும் திருப்பித் தராது. திறமையான விளம்பரம் கெட்ட சரக்குக்குக் கிடைத்தால், திறமை எவ்வளவோ அவ்வளவு சேதம்.

கேள்வி கேட்ட மாணவருக்கு: தம்பி, உன் கையில் திறமை இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஒன்பதாம் வகுப்பிலேயே சுவர்ப் பத்திரிகையில் பார்த்தவன் நான். அடுத்த பெரிய வேலை வரும்போது, படம் எடுப்பதற்கு முன் அந்தப் பொருளைப் பற்றி நான்காவது கேள்வியைக் கேட்டுவிடு. பதில் பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்பது உன் முடிவு. வயிற்றுப் பிழைப்பு உண்டு, எனக்குப் புரிகிறது. கேட்காமல் மட்டும் இருந்துவிடாதே.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். நீங்கள் மறக்க முடியாத டிவி விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, இந்த 4 கேள்விக்கும் விடை எழுதிக் கீழே போடுங்கள். எந்த ஊர் விளம்பரமானாலும் சரி. எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கமாட்டேன். ஆனால் காக்கையும் பனம்பழமும் வந்தால் சும்மா விடமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று சார்